முரட்டாட்டம் வீரமாகுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

"அவன் முரடன், அதனால்தான் வீரன்" என்றொரு பேச்சு உலகமெங்கும் உண்டு. விளையாட்டுத் திடலில் இந்தப் பேச்சு இன்னும் உரக்கக் கேட்கும். அடித்தவனைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அடிபட்டவன் எழுந்து நின்றால் அவனுக்கும் கைதட்டுகிறோம். அவன் எழாமலே போனால்? ஒரு நிமிடம் அமைதியாக இருக்கிறோம். பிறகு ஆட்டம் தொடர்கிறது.

வன்மை வேறு, வன்கொடுமை வேறு. உறுதி வேறு, ஊறு செய்தல் வேறு. ஆனால் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிரித்தறிய முடியாமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில்முறைக் கால்பந்து. அந்த ஆட்டத்தின் வரலாற்றைக் கொண்டு, வீரம் எது, வெறி எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தில் நேர்ந்த பெருந்தீங்குகள் விதியை மீறியவர்களால் மட்டும் நேர்ந்தவை அல்ல. விதி கண்டும் காணாமல் இருந்ததால் நேர்ந்தவையே மிகுதி. தனி மனிதன் ஒருவனுக்கு 'அழுக்காட்டக்காரன்' என்று பட்டம் சூட்டிவிட்டு, அவனுக்குக் கூலி கொடுத்தவர்களும் கைதட்டியவர்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

ஆட்டம் எத்தகையது?

கால்பந்து என்றதும் நமக்கு உருண்டைப் பந்து நினைவுக்கு வரும். இது அதுவன்று. இங்கே பந்து நீள்வட்டமானது. இரு முனையும் கூரானது. காலால் உதைப்பது குறைவு. கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே மிகுதி. பக்கத்திற்குப் பதினொருவர். 100 கெஜ நீளக் களம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு. இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள்.

பந்தோடு ஓடுபவனை நிறுத்துவது எப்படி? கட்டிப் பிடித்தோ மோதியோ தரையில் வீழ்த்த வேண்டும். அதாவது, மோதல் இங்கே குற்றமன்று, மோதலே ஆட்டம். ஆகவே, இங்கே 'மோதினானா?' என்று கேட்பதில் பொருளில்லை. 'எப்படி மோதினான்? எதற்காக மோதினான்?' என்றே கேட்க வேண்டும்.

இன்று என்.எஃப்.எல். என்று அழைக்கப்படும் தொழில்முறைக் கழகம் 1920-இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் வேறு பெயரில் தொடங்கி, 1922-இல் இப்பெயரைப் பெற்றது. இப்போது அதில் 32 அணிகள் ஆடுகின்றன.

பிறப்பிலேயே குருதி

தொழில்முறைக் கழகம் தோன்றுவதற்கு முன்பே கல்லூரிகளில் இவ்வாட்டம் வேரூன்றிவிட்டது. 1892-இல் ஹார்வர்டு அணி ஒரு புது வியூகம் வகுத்தது. ஆட்டக்காரர்கள் ஆப்பு வடிவில் திரண்டு, ஓடிவந்த வேகத்தோடு எதிரணியின் ஒரே ஆள்மீது மோதினார்கள். 'பறக்கும் ஆப்பு' என்று அதற்குப் பெயர். இரண்டே ஆண்டுகளில், 1894-இல், அதைத் தடை செய்ய நேர்ந்தது.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. 1905-ஆம் ஆண்டில் மட்டும் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களாகக் குறைந்தது 18 பேர் களத்தில் உயிரிழந்ததாக அந்நாட்டு நாளிதழ் கணக்கிட்டது. சில கல்லூரிகள் ஆட்டத்தையே கைவிட்டன. அப்போதைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, ஏல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கல்வி நிலையங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். இத்தனைக்கும் ரூஸ்வெல்ட் முரட்டு ஆட்டத்தின் பகைவர் அல்லர், பெரும் ரசிகர். அந்த ரசிகருக்கே பொறுக்கவில்லை என்றால் நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1906-இல் விதிகள் திருத்தப்பட்டன. கூட்டமாகத் திரண்டு மோதுவது கட்டுப்படுத்தப்பட்டது. பந்தை முன்னோக்கி எறிந்து பிடிக்கலாம் என்னும் அனுமதியும் அப்போது வந்ததுதான். இன்று அந்த ஆட்டத்தின் அழகே இந்த நெடுந்தூர எறிதலில்தான் இருக்கிறது. உயிர் காக்க வந்த விதி, ஆட்டத்துக்கே அழகு சேர்த்தது. இந்த உண்மையை நாம் மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். விதி முன்னால் வரவில்லை. பிணங்கள் விழுந்த பின்னர்தான் வந்தது. அடுத்த நூறு ஆண்டுகளிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்தது.

முகத்தில் விழுந்த அடி

அழுக்காட்டம் என்பதற்கு ஐயத்துக்கே இடமில்லாத ஒரு சான்று வேண்டுமா? 1951 அக்டோபர் 20-ஆம் நாள் ஒக்லகோமா மாநிலத்தில் நடந்த கல்லூரி ஆட்டத்தைச் சொல்லலாம். டிரேக் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜானி பிரைட் என்னும் கறுப்பின இளைஞர். ஆட்டம் தொடங்கிய முதல் ஏழு நிமிடங்களில் மூன்று முறை அவர் நினைவிழந்து வீழ்த்தப்பட்டார். கடைசி அடியில் தாடை உடைந்தது. அந்த அடி விழுந்தபோது பந்து அவர் கையில் இல்லை. பந்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவர் சும்மா நின்றிருந்தார்!

நடுவர்கள் தண்டிக்கவில்லை. ஆனால் நாளிதழ் ஒன்றின் புகைப்படக்காரர்கள் இருவர் அக்காட்சியை அடுத்தடுத்த படங்களாக எடுத்துவிட்டார்கள். அப்படங்களுக்கு 1952-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. படங்கள் உலகறிந்த பின்னும் எதிரணிக் கல்லூரி எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. டிரேக் பல்கலைக்கழகம் அந்தப் போட்டிக் கூட்டமைப்பிலிருந்தே வெளியேறியது. பிலடெல்பியாத் தொழில்முறை அணி தேர்ந்தெடுத்தும், பிரைட் தம் நாட்டில் ஆட விரும்பாமல் கனடாவுக்குச் சென்று அங்கே புகழ்பெற்றார். அந்தக் கல்லூரி முறைப்படி வருத்தம் தெரிவித்தது 2005-இல். பிரைட் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன!

அழுக்காட்டம் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. யாருக்காகக் கேட்க ஆளில்லையோ, அவன் மீதுதான் அது முதலில் விழுகிறது.

பட்டம் பெற்ற முரடர்கள்

தொழில்முறை ஆட்டத்துக்கு வருவோம். 1950-களில் டிக் லேன் என்பவர் ஓடிவருபவனின் கழுத்தை வளைத்துச் சாய்ப்பதில் பெயர் பெற்றிருந்தார். 'இரவு ரயில்' என்பது அவருடைய பட்டப்பெயர். ஓடும் ரயிலில் கழுத்து மாட்டினால் என்னவாகும்? முகக்கம்பியைப் பற்றி இழுப்பதும் அக்காலத்தில் இயல்பாக இருந்தது. 1962-இல்தான் எவருடைய முகக்கம்பியையும் பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது.

அடுத்தவர் டீக்கன் ஜோன்ஸ். எதிரே நிற்பவனின் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அறைவார். காதுக்குள் இடி இடித்தது போல் அவன் தடுமாறும் வேளையில் அவனைக் கடந்து பாய்ந்துவிடுவார். அவர் 1974-இல் ஓய்வு பெற்றார். அந்த அறை 1977-இல் தடை செய்யப்பட்டது. அவர் ஆடிய காலம் முழுவதும் அது குற்றமில்லை! எனில், ஜோன்ஸ் அழுக்காட்டக்காரரா, திறமைசாலியா? 1976-இல் திறமை என்று பெயர் பெற்ற செயல் 1977-இல் குற்றமாகிவிட்டது. கை அதேதான், அறையும் அதேதான்.

அதே 1977-இல் அந்நாட்டின் முன்னணி விளையாட்டு இதழ் ஒன்று கான்ராட் டோப்ளர் என்பவரின் படத்தை அட்டையில் போட்டு, தொழில்முறைக் கால்பந்தின் மிக அழுக்கான ஆட்டக்காரர் என்று எழுதியது. உதைத்தல், குத்துதல், எதிராளியின் விரலைக் கடித்தல் எனப் பல கதைகள் அவரைப் பற்றி உலவின. அவருக்கு அது வெட்கமாக இல்லை, விளம்பரமாக இருந்தது. கெட்ட பெயரும் விலைபோகும் சந்தை ஒன்று இருந்தது என்பதுதானே இதன் பொருள்?

இன்னொரு நிகழ்ச்சி நீதிமன்றத்துக்கே சென்றது. 1976-இல் ஓக்லண்டு அணியின் ஜார்ஜ் அட்கின்சன், பிட்ஸ்பர்க் அணியின் லின் ஸ்வானைப் பின்புறமிருந்து முழங்கையால் தலையில் தாக்கினார். பந்து அப்போது வேறிடத்தில் இருந்தது. ஸ்வானின் மூளை அதிர்ந்துபோயிற்று. பிட்ஸ்பர்க் பயிற்சியாளர் சக் நோல், ஆட்டத்துக்குள் குற்றவாளிக் கூட்டமொன்று இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அட்கின்சன் 20 லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார். 1977-இல் தீர்ப்பு நோலுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் சாட்சிக் கூண்டில் நோலிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: உங்கள் அணியிலும் அத்தகையோர் உண்டா? தம் அணியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் சிலரும் அந்தக் கூட்டத்தில் அடங்குவர் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எதிரணியில் இருந்தால் குற்றவாளி. நம் அணியில் இருந்தால் வீரன்! இதுதான் உலக வழக்கம்.

கொடி வீசப்படாத அடி

இவ்வாட்டத்தில் குற்றம் நடந்தால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். இனி நான் சொல்லப்போகும் நிகழ்ச்சியில் கொடி வீசப்படவில்லை.

1978 ஆகஸ்டு 12. ஓக்லண்டு நகரில் பருவம் தொடங்குவதற்கு முன் நடந்த பயிற்சி ஆட்டம். வெற்றி தோல்வி கணக்கில் சேராது. நியூ இங்கிலாந்து அணியின் டாரில் ஸ்டிங்லிக்கு வயது 26. தமக்கு எட்டாத உயரத்தில் வந்த பந்தைப் பிடிக்கத் தாவினார். எதிரே ஓடிவந்த ஜாக் டேட்டம் அவர்மீது மோதினார். ஸ்டிங்லியின் கழுத்தெலும்பு முறிந்தது, கைகால்கள் செயலிழந்தன. 2007-இல் இறக்கும் வரை சக்கர நாற்காலியே அவருக்குத் துணையாயிற்று.

அன்றைய விதிப்படி அந்த மோதலில் குற்றமில்லை. டேட்டத்துக்குத் தண்டனையும் இல்லை. 'கொலையாளி' என்பது டேட்டத்தின் பட்டப்பெயர். அப்பெயரையே தலைப்பில் வைத்து அவர் தம் வரலாற்றை நூலாகவும் வெளியிட்டார். இருவரும் மனம்விட்டுப் பேசிச் சமாதானம் ஆகாமலே ஸ்டிங்லி மறைந்தார்; 2010-இல் டேட்டமும் மறைந்தார். ஓக்லண்டு அணியின் பயிற்சியாளர் ஜான் மேடன் மட்டும் அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடினார் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். எதிரணி ஆட்டக்காரனின் படுக்கை அருகில் போய் நின்றாரே, அதுவன்றோ ஆண்மை!

நண்பர்களே, எது பெரிய அழுக்கு? டோப்ளர் கடித்த விரலா, விதி அனுமதித்த இந்த மோதலா? கடிபட்ட விரல் ஆறிவிடும். கழுத்தெலும்பு ஆறுமா?

உடைக்க முடியாத விதி

மனிதன் எழுதிய விதிகளை மீறலாம், திருத்தலாம். இயற்கையின் விதியை மீற முடியுமா? இங்கே என் பாடத்தைச் சற்றுத் துணைக்கு அழைக்கிறேன்.

110 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவருகிறார். அவருடைய இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் 3520 ஜூல் வருகிறது. 50 கிலோ மூட்டையொன்று ஏழு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் எவ்வளவு ஆற்றலோ, ஏறக்குறைய அவ்வளவு. இது ஒருவருடைய கணக்கு மட்டுமே. எதிரே வருபவரும் ஓடித்தான் வருகிறார்!

இதற்காகத்தானே தலைக்கவசம் என்பீர்கள். என்.எஃப்.எல். 1943-இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. முதலில் தோல், பின்னர் கெட்டியான பிளாஸ்டிக். மண்டையோடு உடைவது குறைந்தது உண்மைதான். ஆனால் கெட்டியான கவசம் வந்ததும், தலையையே ஈட்டியாக்கிக் குனிந்து பாயும் துணிவும் சேர்ந்தே வந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை! மேலும், மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மோதலில் தலை சட்டென்று நிற்கிறது. மூளையோ நியூட்டனின் முதல் விதிப்படி தன் வேகத்திலேயே முன்னே செல்கிறது. எலும்பில் இடித்துத் திரும்புகிறது. வெளியே மாட்டும் கவசம், உள்ளே நடக்கும் இந்த இடியை எப்படித் தடுக்கும்?

பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் களத்தின் நடுவில் நின்று ஒவ்வோர் ஆட்டத்திலும் பல்லாண்டுகள் மோதியவர். நான்கு முறை வாகை சூடிய அணியின் தூணாக விளங்கியவர். எவரும் அவரை அழுக்காட்டக்காரர் என்று சொன்னதில்லை. ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறி, வறுமையுற்று, தம் வண்டியிலேயே உறங்கும் நிலைக்கு வந்தார். 2002-இல் தம் 50-ஆம் வயதில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் உண்டாகும் மூளைச் சிதைவு நோய் அதில் இருப்பதைக் கண்டார். சி.டி.ஈ. என்று அந்நோயைச் சுருக்கமாகக் குறிப்பர். 2005-இல் மருத்துவ இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தபோது, கழகத்தைச் சார்ந்த மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவர் பெறவில்லை.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு உலகை உலுக்கியது. இறந்த என்.எஃப்.எல். ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளில் 110-இல் அந்நோய் இருந்தது. நோய்க்குறி கண்ட குடும்பத்தாரே பெரும்பாலும் மூளைகளைத் தானமாக வழங்கினார்கள். எனவே ஆடிய அனைவருக்கும் இதே விகிதத்தில் நோய் உண்டு என்று கொள்வது அறிவியலாகாது. ஆயினும் அந்த 110 என்ற எண்ணை எவராலும் அழிக்க முடியாது. 2016-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் கழகத்தின் உயர் அலுவலர் ஒருவரே, ஆட்டத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். வெப்ஸ்டர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து!

எய்தவன் இருக்க...

2012 மார்ச்சு மாதம் ஒரு செய்தி வெளியாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை ஓர் இரகசியப் பணத்திட்டம் நடந்திருக்கிறது. எதிராளியை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினால் 1500 டாலர். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்படி செய்தால் 1000 டாலர்! மனிதனின் முழங்காலுக்கும் கழுத்துக்கும் விலைப்பட்டியல்! இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இதில் பங்கேற்றதாகக் கழகம் கூறியது. நடத்தியவரோ தற்காப்பு ஆட்டப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் ஓராண்டு முழுதும் நீக்கி வைக்கப்பட்டார். அணிக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆட்டக்காரர் நால்வருக்கு விதித்த தடையோ, மேல்முறையீட்டில் அவ்வாண்டு டிசம்பரிலேயே நீக்கப்பட்டது. பொறுப்பு பெரிதும் பயிற்சியாளர்களுடையது என்பதே அங்கே கண்ட முடிவு.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்புக்கும் ஓரளவு குற்றம் உண்டு. மனித அம்புக்கு மனமும் உண்டு அல்லவா? ஆனால் எய்தவனை விட்டுவிட்டு அம்பை மட்டும் முறிப்பது நீதியாகாது.

வலி பொறுத்தல் வீரமா?

இனி நாணயத்தின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பிறரை அடிப்பது வீரமன்று, சரி. அடியைத் தாங்குவது வீரம்தானே?

ஜாக் யங்பிளட் என்பவர் கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்த காலோடு 1980 ஜனவரியில் இறுதிப் போட்டி ஆடினார். ரானி லாட் என்பவர் நசுங்கிய சுண்டு விரலுக்கு நீண்ட சிகிச்சை செய்து காத்திருக்க விரும்பாமல், 1986-இல் அதன் நுனியை வெட்டி எடுத்துவிடச் சம்மதித்தார். அமெரிக்க ரசிகர்கள் இவற்றைக் காவியம் போல் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். அவர்களுடைய மன உறுதியை நானும் மதிக்கிறேன், மறுக்கவில்லை.

ஆனால் அந்த உறுதிக்குப் பின்னால் ஓர் அச்சமும் இருக்கிறது. இக்கழகத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழுத் தொகைக்கும் உறுதி தருபவை அல்ல. ஆள் உட்கார்ந்தால் அவனிடத்தில் இன்னொருவன் நிற்பான். ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஏழைக் குடும்பத்தின் நம்பிக்கையைத் தோளில் சுமந்து வந்தவர்கள் அவர்களில் பலர். 'வலிக்கிறது' என்று சொல்வதற்கு அவர்களால் முடியுமா?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் தந்தையார் மூட்டை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். கழுத்து வலியோடு வேலைக்குப் புறப்படும் அவரை ஊரார் 'இரும்பு மனுஷன்' என்று புகழ்வார்கள். அவர் என்னிடம் சொல்லும் சொல் வேறு: "இன்னைக்கு உக்காந்துட்டா நாளைக்குக் கூப்பிட மாட்டாங்க தம்பி." வெளியே இருப்பவனுக்கு அது வீரம், உள்ளே இருப்பவனுக்கு அது வயிறு. ஆகவே, வலியை மறைத்து ஆடினான் என்று எந்த ஆட்டக்காரனைப் பற்றிப் படித்தாலும், அவனைப் புகழும் முன் அவன் ஏன் மறைத்தான் என்று கேட்கவே என் மனம் விரைகிறது.

மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் 4500-க்கும் மேற்பட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2013-இல் 76 கோடியே 50 லட்சம் டாலருக்கு உடன்பாடு அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. ஆனால் இழப்பீட்டுக்கான சோதனையில், கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்கிடும் முறை கையாளப்பட்டது. அதனால் 'இழந்தது கொஞ்சம்தான்' என்று அவர்களைத் திருப்பியனுப்ப முடிந்தது! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, 2021-இல்தான் அம்முறையைக் கைவிடுவதாகக் கழகம் ஒப்புக்கொண்டது. களத்தில் விழுந்த அடியைவிடக் காகிதத்தில் விழுந்த இந்த அடியே அழுக்கானது என்பேன்.

மறுப்பும் விடையும்

சிலர் கேட்பர்: "அவர்கள் தெரிந்தேதானே ஆடுகிறார்கள்? கோடிக் கணக்கில் பணமும் பெறுகிறார்களே?" தெரிந்தே ஆடினார்கள் என்பது வெப்ஸ்டர் காலத்துக்குப் பொருந்தாது. கைகால் முறியும் என்று தெரியும். நாற்பது வயதில் பிள்ளைகளின் பெயர் மறக்கும் என்று யார் சொன்னார்கள்? சொல்ல வந்த மருத்துவரையும் வாயடைக்கப் பார்த்தார்களே! கோடிகளைப் பெறுவோர் சிலர்; பலருடைய ஆட்ட வாழ்வு சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது.

இன்னும் சிலர், "முரட்டுத்தனத்தை எடுத்துவிட்டால் ஆட்டமே செத்துவிடும்" என்பர். 1906-இலும் இதைத்தான் சொன்னார்கள். ஆட்டம் சாகவில்லை; வளர்ந்தது. 2018-இல், தலையைத் தாழ்த்திக் கவசத்தால் மோதுவது குற்றமாக்கப்பட்டது. 2024-இல், பின்னிருந்து பிடித்து இடுப்பைத் திருப்பி எதிராளியின் கால்மேல் விழுந்து சாய்க்கும் முறை தடை செய்யப்பட்டது. அரங்குகள் காலியாகவில்லை.

முரட்டுத்தனமின்றி வன்மை இருக்க முடியாதா? வால்ட்டர் பேட்டனைப் பாருங்கள். சிகாகோ அணிக்காக 1975 முதல் 1987 வரை 13 பருவங்கள் ஆடியவர். ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் தவறவிட்டார். கோட்டுக்கு வெளியே ஓடித் தப்பிக்க மாட்டார். தடுக்க வந்தவனை நேருக்கு நேர் சந்திப்பார். 16,726 கெஜம் ஓடி அவர் படைத்த சாதனையை 2002 வரை எவரும் முறியடிக்கவில்லை. இத்தனை வன்மை படைத்தவருக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'இனிமை'! சமூகத் தொண்டு புரியும் ஆட்டக்காரருக்குக் கழகம் ஆண்டுதோறும் வழங்கும் விருது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரே காலத்தில், ஒரே ஆட்டத்தில், ஒருவருக்குக் 'கொலையாளி' என்றும் ஒருவருக்கு 'இனிமை' என்றும் பெயர். இருவரும் வலியவர்களே. வேறுபாடு வலிமையில் இல்லை. எதிரே நிற்பவனும் மனிதன் என்ற நினைவில் இருக்கிறது.

நிறைவாக

நான் கூற விழைவது இதுதான். தன் வலிமையை அடக்கி ஆளத் தெரிந்தவனே வீரன். விதி அனுமதித்தாலும் எதிரியின் கழுத்தைக் காப்பவன் வீரன். காயமுற்றவனை உட்கார வைத்து, அவன் கூலியையும் குறைக்காத கழகமே வீரர்களை ஆளத் தகுதியுடையது. விலைப்பட்டியல் எழுதியவனையும், ஆய்வை மறைக்க முயன்றவனையும் விட்டுவிட்டு, களத்தில் நிற்கும் முரடனை மட்டும் தூற்றுவது பாதி நீதி. பாதி நீதி என்பது அநீதியே.

மஞ்சள் கொடி களத்தில் நிற்பவன் மீது மட்டும் வீசப்படுகிறது. பயிற்சியாளர் அறைக்குள்ளும், அலுவலக மேசைமீதும், நாம் அமர்ந்து கைதட்டும் இருக்கைமீதும் அது ஒருநாள் விழ வேண்டும். அன்றுதான் அந்த ஆட்டம் தூய்மை பெறும். அதுவரை, எழாமல் கிடப்பவனைக் கண்டால் நம் கைகளாவது சற்று ஓயட்டும்!